கடைசியாகச் சாப்பிட்டதன் மேல் விழும் பழி: ஓர் ஐ.பி.எஸ். நிகழ்வு ஆய்வு

முப்பதுகளின் நடுவில் இருக்கும் பெண். நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலை. மூன்று ஆண்டுகளாக அடிவயிற்று வலி, உப்புசம், காலையில் வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் மூன்று நான்கு தடவை கழிப்பறை. குடல்நோய் மருத்துவர் பார்த்து, ஐ.பி.எஸ். எனப்படும் எரிச்சல் குடல் நோய் என்று முடிவுக்கு வந்து, எந்த உணவு தூண்டுகிறது என்று பார்க்கச் சொல்லி உணவியல் ஆலோசகரான என்னிடம் அனுப்பினார். இங்கே வருபவர் ஒரே ஆள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆலோசனை அறையில் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரே மாதிரியான கதைகளை ஒருவர் மேல் ஏற்றி எழுதியிருக்கிறேன்.

வந்த நிலை

எங்களிடம் வரும்போதே அவர் பால், முட்டை, பிரெட், பயறு வகைகள், உருளைக்கிழங்கு, ஆரஞ்சு எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார். இரவில் சோறும் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சம்பவம் இருந்தது. முட்டை சாப்பிட்ட ஒரு காலை அலுவலகம் போகும் வழியில் இறங்கி ஓட வேண்டியதாயிற்று. ஒரு கல்யாண வீட்டில் ஐஸ்கிரீம் சாப்பிட்ட இரவு தூக்கமே இல்லை. உடனே அந்தந்த உணவுக்குத் தடை. தடை போட்ட பிறகு ஒரு வாரம் சரியாக இருக்கும், அப்புறம் பழையபடி ஆரம்பிக்கும், அடுத்த உணவு மாட்டும். மூன்றாண்டில் மிச்சமிருந்தது வேகவைத்த கோழி, கேரட், அரிசிக் கஞ்சி, காபி, பெரும்பாலும் வெங்காயமும் பூண்டும் வதக்கிப் போட்ட சூப். வயிறு மட்டும் அப்படியே இருந்தது.

இதற்கிடையில் ஓர் ஆய்வகத்தில் பணம் கட்டி ரத்தப் பரிசோதனையும் செய்திருந்தார். உணவுகளுக்கு எதிரான ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவுகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் பூசித் தரும் அறிக்கை அது. சிவப்பில் பால், கோதுமை, முட்டை. அதை ஒதுக்கி வைக்கச் சொன்னேன். ஓர் உணவை வழக்கமாகச் சாப்பிடுகிறவர் உடம்பில் அதற்கான ஐ.ஜி.ஜி. இருப்பது இயல்பு; உடம்பு அந்த உணவைப் பார்த்துப் பழகியிருக்கிறது என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. ஒவ்வாமை நிபுணர் சங்கங்களும் குடல்நோய் வழிகாட்டிகளும் இந்தப் பரிசோதனையைப் பரிந்துரைப்பதில்லை. அழகாக அச்சிட்ட காகிதம் என்பதால் நோயாளிகளுக்கு அதைக் கைவிட மனம் வருவதில்லை என்பதுதான் சங்கடம்.

உணவில் கை வைப்பதற்கு முன்

ஐ.பி.எஸ். என்று சொல்ல இப்போது பயன்படும் ரோம் 4 வரையறை 2016இல் வந்தது. கடைசி மூன்று மாதத்தில் சராசரியாக வாரத்தில் ஒரு நாளாவது வயிற்றுவலி வர வேண்டும். அதோடு அந்த வலி மலம் கழிப்பதோடு தொடர்புடையது, மலம் போகும் தடவைகள் மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது ஆகிய மூன்றில் இரண்டாவது இருக்க வேண்டும். தொல்லை தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். இவருக்கு எல்லாமே பொருந்தின, வயிற்றுப்போக்கு மிகுந்த வகை.

ஆனால் வரையறை பொருந்தினால் மட்டும் போதாது. மலத்தில் ரத்தம், சாப்பாட்டைக் குறைக்காமலே எடை இறங்குவது, ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் பேதி, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தொல்லை, நெருங்கிய உறவில் பெருங்குடல் புற்றுநோய், குடல் அழற்சி அல்லது சீலியாக் நோய் (கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் சேதமாகும் நோய்) என்று ஏதாவது இருந்தால் உணவுச் சோதனையை ஓரமாக வைத்துவிட்டு முதலில் மருத்துவரிடம்தான் போக வேண்டும். இவருக்கு எடை இறங்கியிருந்தது. பாதி உணவை நிறுத்தியவருக்கு எடை இறங்காமல் என்ன செய்யும் என்று நமக்குத் தோன்றும், ஆனாலும் மருத்துவர் அப்படி விட்டுவிடவில்லை. ரத்த அணுக்கள், உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் சி.ஆர்.பி., குடல் அழற்சியைக் காட்டும் மலக் கால்புரொடெக்டின் எல்லாம் பார்த்தார். எல்லாம் இயல்பு.

சீலியாக் பரிசோதனையில்தான் ஒரு முடிச்சு. அந்த ரத்தப் பரிசோதனை சரியான விடை தர வேண்டுமானால் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். இவரோ பிரெட்டை நிறுத்திப் பல மாதம் ஆகியிருந்தது. ஆகவே குறைந்தது 6 வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை சாப்பிட்ட பிறகே ரத்தம் எடுத்தார்கள். அந்த ஆறு வாரமும் அவர் திட்டிக்கொண்டே சாப்பிட்டார். பரிசோதனையில் சீலியாக் இல்லை என்று வந்தது. கோதுமையை விடுவதற்கு முன்பே இந்தப் பரிசோதனையை முடித்திருந்தால் இந்த அலைச்சலே இல்லை. வயிறு சரியில்லை என்றதும் முதல் வேலையாகக் கோதுமையைத் தூக்கி எறிகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நாட்குறிப்பு

நாட்குறிப்பு எழுதச் சொன்னால் பெரும்பாலோர் ‘என்ன சாப்பிட்டேன், எப்படி வலித்தது’ என்று இரண்டு பத்தி போட்டுக்கொள்வார்கள். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இவரிடம் நான் கேட்டது: வாயில் போட்ட எல்லாமும், அளவோடு, மணியோடு. தொல்லை தொடங்கிய மணி. மலத்தின் வகை. முந்தைய இரவுத் தூக்கம். மாதவிடாய் நாட்கள். அன்றைக்கு ஏதாவது பதற்றம் இருந்ததா என்று ஒரே வார்த்தையில். மலத்தின் வகைக்கு 1997இல் வெளியான பிரிஸ்டல் அளவுகோல் போதும். அதில் 1 என்றால் கெட்டிக் கெட்டியான உருண்டைகள், 7 என்றால் வெறும் தண்ணீர். எண்ணாக எழுதும்போது கூச்சமும் இல்லை, குழப்பமும் இல்லை.

சீலியாக் பரிசோதனைக்காக பிரெட் சாப்பிட்ட நாட்களில் முட்டையையும் ஒருமுறை தொட்டுப் பார்த்திருந்தார். முதல் வாரத்துப் பக்கம் ஒன்று இப்படி இருந்தது: ‘6:50 காபி. 7:10 கோதுமை பிரெட், முட்டை. 7:25 வலி. 7:30 வகை 6. 7:50 மறுபடி, வகை 6.’ பக்கத்தில் சிவப்பு மையில் ‘முட்டை!!!’ என்று எழுதி அடிக்கோடு. அவருக்கு அதில் துளிகூடச் சந்தேகம் இல்லை.

பதினைந்து நிமிடத்துக்கு முன் விழுங்கிய முட்டை அப்போது இரைப்பையில்தான் கிடக்கும். வலியும் போக்கும் நடப்பது பெருங்குடலில், அது பல அடி தள்ளி இருக்கிறது. இரைப்பையில் உணவு விழுந்ததும் பெருங்குடல் தானாகவே அசைந்து இடம் ஒதுக்கத் தொடங்கும். எல்லோருக்கும் உள்ள அனிச்சைச் செயல்தான் அது, ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்கு மிகையாக நடக்கும், காலையில் இன்னும் பலமாக இருக்கும். காபியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். குடித்த சில நிமிடங்களிலேயே கடைப்பகுதிப் பெருங்குடலின் அசைவு கூடிவிடுவது சிலருக்கு அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. அதாவது முட்டை கதவைத் தட்டியது, அவ்வளவுதான். வெளியே வந்தது அதற்கு முந்தைய வேளைகளில் உள்ளே போனது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

இந்த நேரக் கணக்கை ஐ.பி.எஸ். உள்ள ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். நொதித்து வாயு உண்டாக்கும் உணவு சிறுகுடல் முழுவதையும் கடந்து பெருங்குடலைத் தொட்டால்தான் வேலையைக் காட்டும். வெறும் வயிற்றில் திரவமாகக் குடித்தால்கூட அதற்குச் சுமார் ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஆகும். முழுச் சாப்பாட்டோடு போனால் பல மணி நேரம். மதியம் சாப்பிட்டது இரவில் உப்பச் செய்யும், இரவில் சாப்பிட்டது மறுநாள் காலையில் ஓட வைக்கும். ஆனால் வயிறு வலிக்கும் நொடியில் நம் நினைவுக்கு வருவது கடைசியாக வாயில் வைத்ததுதான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நாட்குறிப்பில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. தினமும் சாப்பிடும் பொருளை அது காட்டிக்கொடுக்காது. வெங்காயத்தைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்ன பதில்: ‘வெங்காயம் தினமும்தான் சாப்பிடுறேன் மேடம். நல்லா இருக்கிற நாளும் சாப்பிடுறேன். அதா இருக்காது.’ நியாயமான வாதம்போலத் தெரியும். ஆனால் எல்லா நாளும் இருக்கும் ஒன்று நல்ல நாளையும் கெட்ட நாளையும் பிரித்துக் காட்ட முடியாது. அதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். எப்போதாவது சாப்பிடுவதைப் பிடிக்க நாட்குறிப்பு உதவும். அன்றாடம் சாப்பிடுவதைப் பிடிக்க நிறுத்திப் பார்த்தல்தான் வழி.

அப்புறம் சூயிங்கம். முதல் வாரக் குறிப்பில் அது இல்லவே இல்லை. பேச்சுவாக்கில் வாய் மணத்துக்காகப் பகலெல்லாம் சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லுவதாகச் சொன்னார். ஏன் எழுதவில்லை என்றால், ‘அது சாப்பாடு இல்லையே மேடம், துப்பிடுறதுதானே?’ கைப்பையிலிருந்து பாக்கெட்டை எடுக்கச் சொல்லிப் பின்பக்கம் படித்தோம். முதல் பெயர் சார்பிட்டால். அடுத்தடுத்து மானிட்டால், சைலிட்டால். எல்லாம் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும், குடல் சரியாக உறிஞ்சாத இனிப்புகள். அடியில் பொடி எழுத்தில், அதிகம் உட்கொண்டால் பேதியாகலாம் என்று எச்சரிக்கையே அச்சிட்டிருந்தது. துப்புவது பசையை மட்டும்தான், இனிப்பு முழுவதும் உள்ளே போய்விடுகிறது. 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஜெர்மானிய மருத்துவர்கள் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். நாள்பட்ட பேதியும் கடும் எடையிழப்புமாக எல்லாப் பரிசோதனையும் செய்த பிறகு கடைசியில் அகப்பட்டது சூயிங்கம். நாளுக்கு ஏறக்குறைய 20 முதல் 30 கிராம் வரை சார்பிட்டால் அதன் வழியாகவும், ஒருவருக்கு மிட்டாய் வழியாகவும் போயிருக்கிறது, நிறுத்தியதும் சரியானார்கள். இவர் அந்த அளவுக்கு மெல்லவில்லை. ஆனால் ஐ.பி.எஸ். குடலுக்கு அந்த அளவு தேவையும் இல்லை.

முதலில் கொடுத்தது

வழக்கமாக எல்லோரும் எதிர்பார்ப்பது, இந்த இடத்தில் நான் இன்னொரு தடைப் பட்டியலை நீட்டுவேன் என்று. ஏற்கெனவே பாதிச் சாப்பாட்டை விட்டு, தட்டைப் பார்த்தாலே பயப்படும் ஒருவருக்கு அது கெடுதல். உணவைப் பற்றிய அச்சமே ஒரு நோயாக முற்றிவிடும் ஆட்கள் உண்டு. அவர்களுக்குக் கடுமையான விலக்கு உணவு கொடுக்கவே கூடாது. ஆகவே முதலில் கொடுத்தேன். முட்டை, உருளைக்கிழங்கு, சோறு, ஆரஞ்சு. நொதித்துத் தொல்லை தரும் சர்க்கரை வகைகள் இவற்றில் பொதுவான அளவில் இல்லை என்றே சொல்லலாம். முட்டையை ஏற்றுக்கொள்ளத்தான் நேரம் பிடித்தது. காலையில் வேண்டாம், மதியத்தில் சாப்பிடுங்கள் என்று இடம் மாற்றினோம். மதியம் சாப்பிட்ட முட்டைக்கு வயிறு வாயைத் திறக்கவில்லை.

கூடவே சாதாரண விஷயங்கள். வேளை தவறாமல் சாப்பிடுவது, நிதானமாக மெல்லுவது, ஒரே வேளையில் வயிறு முட்ட அடைக்காமல் இருப்பது, எண்ணெய்ப் பலகாரங்களைக் குறைப்பது, டீ காபியை நாளுக்கு மூன்று கோப்பைக்குள் வைப்பது, பழம் நாளுக்கு மூன்று பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது. மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2008இலிருந்து சொல்லிவரும் அறிவுரைதான் இது. கேட்டால் ‘இவ்வளவுதானா’ என்று முகம் சுளிப்பார்கள். 2015இல் சுவீடனில் 75 நோயாளிகளை வைத்து இத்தகைய சாதாரண அறிவுரையையும் குடலில் நொதிக்கும் சில சர்க்கரைகளைக் குறைக்கும், பெரிதாகப் பேசப்படும் ஃபோட்மேப் விலக்கு உணவையும் ஒப்பிட்டார்கள். விலக்கு உணவில் 50 சதவீதம் பேருக்குத் தேறியது, சாதாரண அறிவுரையில் 46 சதவீதம் பேருக்கு. முதலில் எளியதைச் செய்து பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

சூயிங்கம் நின்றது, வெறும் வயிற்றுக் காபி சாப்பாட்டுக்குப் பிறகு போனது. காலை ஓட்டம் குறைந்தது. பிற்பகலில் தொடங்கி இரவில் உச்சத்துக்குப் போகும் உப்புசமும் வலியும் மட்டும் நகரவில்லை. பாவாடை நாடாவைத் தளர்த்திக் கட்ட வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தார்.

பிறகு எடுத்தது

ஃபோட்மேப் என்ற கருத்தை 2005இல் முன்வைத்தவர்கள் ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் கிப்சனும் சூசன் ஷெப்பர்டும். சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத குறுகிய சர்க்கரைச் சங்கிலிகளுக்குப் பொதுப்பெயர் அது. வெங்காயம், பூண்டு, கோதுமையில் ஃபிரக்டான். பயறு, கொண்டைக்கடலை வகைகளில் கேலக்டோ ஒலிகோசாக்கரைடு. பாலில் லாக்டோஸ். தேன், மாம்பழம் போன்றவற்றில் மிகுதியான ஃபிரக்டோஸ். காளான், காலிஃபிளவரில் மானிட்டால், சில பழங்களிலும் சூயிங்கத்திலும் சார்பிட்டால். இவை தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகும், அங்கே பாக்டீரியா நொதிக்க வைத்து வாயு உண்டாக்கும், குடல் விரியும். யாருக்கும் இதுதான் நடக்கும். 2017இல் வெளியான ஸ்கேன் ஆய்வில் ஐ.பி.எஸ். உள்ளவர்கள் குடலிலும் இல்லாதவர்கள் குடலிலும் ஏறக்குறைய ஒரே அளவு வாயுதான் இருந்தது. ஒருவருக்கு அது தெரியவே இல்லை, மற்றவருக்கு வலித்தது. குடல் நரம்பின் கூருணர்ச்சிதான் வித்தியாசம். அதனால்தான் ‘எல்லோரும் சாப்பிடுறாங்க, உனக்கு மட்டும் என்ன’ என்று வீட்டில் கேட்கும் கேள்விக்கு ஐ.பி.எஸ். உள்ளவரால் பதில் சொல்ல முடிவதில்லை.

இவருக்கு எல்லாக் குழுக்களையும் நிறுத்தவில்லை. நாட்குறிப்பும் தட்டும் காட்டிய திசையில் ஃபிரக்டானையும், சார்பிட்டால், மானிட்டால் போன்ற பாலியால்களையும் முழுதாக எடுத்தோம். பயறு முன்பே நின்றிருந்தது, பாலும் அப்படியே. வெங்காயம் இல்லாமல் எப்படிச் சமைப்பது என்று கலங்கினார். ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே பூண்டை எண்ணெயில் போட்டு மணம் இறங்கியதும் துண்டுகளை எடுத்துவிட்டால் வாசனை கிடைக்கும், தொல்லை வராது. சூப்பில் போட்டு எடுத்தால் இது நடக்காது, தண்ணீர் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். வெங்காயத் தாளின் பச்சைப் பகுதி சாப்பிடலாம், வெள்ளைப் பகுதி கூடாது. ஒரு எச்சரிக்கை: பூண்டு எண்ணெயைச் செய்து வெளியே வைக்கக் கூடாது, பாட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோயை உண்டாக்கும் கிருமி வளர இடம் உண்டு. அவ்வப்போது செய்துகொள்ளலாம், மீந்தால் ஃபிரிட்ஜில் வைத்து ஓரிரு நாளில் தீர்த்துவிட வேண்டும்.

மூன்று வாரம் கழித்து உப்புசம் வெகுவாகத் தணிந்தது. ஐ.பி.எஸ். கடுமையை 500க்கு மதிப்பிடும் வினாப்பட்டியல் ஒன்று உண்டு. 300க்கு மேல் கடுமை, 175க்குக் கீழ் லேசு, 50 புள்ளி குறைந்தாலே உருப்படியான முன்னேற்றம். கடுமையில் இருந்தவர் லேசுக்கும் நடுத்தரத்துக்கும் இடையிலான எல்லைக்கு வந்தார். 2014இல் மொனாஷ் குழு 30 ஐ.பி.எஸ். நோயாளிகளுக்கு ஏறக்குறைய எல்லா உணவையும் தாங்களே கொடுத்து நடத்திய ஆய்வில், வழக்கமான ஆஸ்திரேலிய உணவில் 100க்கு 44.9ஆக இருந்த தொல்லை ஃபோட்மேப் குறைந்த உணவில் 22.8ஆக இருந்தது. இவருக்கு நடந்தது அந்த வரிசையோடு ஒத்துப்போகிறது.

இங்கேயே நின்றுவிடத்தான் எல்லோருக்கும் ஆசை. இவரும் ‘இப்படியே இருந்துடறேனே’ என்றார். கூடாது. இந்தக் கட்டம் 2 முதல் 6 வாரத்துக்குத்தான். நீண்ட நாள் போனால் குடலில் நன்மை செய்யும் பைஃபிடோ பாக்டீரியா குறைவது தெரிந்த விஷயம், நார்ச்சத்தும் கால்சியமும் குறையும். ஆறு வாரத்தில் எந்த மாற்றமும் தெரியாதவர்கள் பட்டியலை இன்னும் நீட்டக் கூடாது, கைவிட்டுவிட வேண்டும்; அவர்கள் தொல்லைக்குக் காரணம் வேறு. பேதி மிகுந்த வகையினரில் சிலருக்குப் பித்த அமிலம் சரியாக உறிஞ்சப்படாமல் இப்படி ஆவதுண்டு, அதற்குத் தனி மருத்துவம் இருக்கிறது.

ஒவ்வொன்றாகத் திரும்ப

சோதிக்கும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு குழு மட்டும். மூன்று நாள், நாளுக்கு நாள் அளவைக் கூட்டி. மற்ற சாப்பாடு அப்படியே விலக்கு நிலையில். தொல்லை வந்தால் அங்கேயே நிறுத்தி, வயிறு அடங்க இரண்டு மூன்று நாள் விட்டு, அடுத்த குழு. சோதனைப் பொருளில் ஒரே ஒரு குழுதான் இருக்க வேண்டும். ஆப்பிளை வைத்துச் சோதித்தால் ஃபிரக்டோஸா சார்பிட்டாலா என்று தெரியாது, இரண்டும் அதில் இருக்கின்றன. ஃபிரக்டோஸுக்குத் தேன், சார்பிட்டாலுக்கு பிளாக்பெர்ரி, மானிட்டாலுக்குக் காளான் என்று வைத்துக்கொண்டோம். ஃபிரக்டானை மட்டும் கோதுமை, வெங்காயம், பூண்டு என்று தனித்தனியாகச் சோதிக்க வேண்டும், ஒன்று ஒத்துக்கொண்டு மற்றது ஒத்துக்கொள்ளாமல் போவது சகஜம்.

தேனும் காளானும் ஒரு சத்தமும் இல்லாமல் கடந்தன. பிளாக்பெர்ரி கைப்பிடி அளவில் சரி, கிண்ணம் நிறையச் சாப்பிட்ட நாள் வகை 6. கோதுமை பிரெட் ஒரு துண்டும் இரண்டு துண்டும் பிரச்சினை செய்யவில்லை. மூன்றாம் நாள் மூன்று துண்டுக்கு இரவில் உப்புசம். ஆக, பல மாதமாக ஒதுக்கி வைத்திருந்த கோதுமை அளவோடு திரும்பி வந்தது.

வெங்காயத்துக்கு மூன்று நாள் தேவைப்படவில்லை. முதல் நாள் மதியம் ஒரு மேசைக்கரண்டி. நாட்குறிப்பு: ‘1:15 சாப்பாடு. 5:00 ஒன்றுமில்லை. 7:30 வயிறு கல் மாதிரி. 9:00 வலி, 6/10. காலை வகை 6.’ தற்செயலா என்று பார்க்க மறுநாளும் அதே அளவு, அதே நேரம், அதே கதை. நிறுத்தினோம். பழைய வழக்கப்படி என்றால் அந்த ஏழரை மணி வலிக்கு, ஆறு மணிக்குத் தின்ற ஆரஞ்சு அடி வாங்கியிருக்கும்.

பூண்டில் ஒரு சிக்கல். இரண்டாம் நாள் பலமாக வலித்தது, ஆனால் அன்றைக்கே மாதவிடாய் தொடங்கிவிட்டது. ஐ.பி.எஸ். உள்ள பெண்கள் பலருக்கு அந்த நாட்களில் குடலும் சேர்ந்து முறைக்கும். அந்தச் சோதனையைக் கணக்கில் சேர்க்காமல் அடுத்த சுழற்சியின் நடுவில் திரும்பச் செய்தோம். அப்போதும் வலித்தது, ஆனால் ஒரு பல் அளவுக்குப் போன பிறகே.

கொண்டைக்கடலை, டப்பாவில் வந்தது, தண்ணீரை வடித்துக் கழுவியது. கால் கோப்பை தாங்கியது, அரைக் கோப்பை தாங்கவில்லை. வடித்துக் கழுவுவதில் அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடுவதால் வீட்டில் வேகவைத்ததைவிட டப்பாக் கடலை இதற்குப் பரவாயில்லை. சத்து ஆசாமிகள் டப்பா உணவைத் திட்டுவார்கள், இந்த ஒரு விஷயத்தில் அது ஜெயிக்கிறது.

பால்

பாலைக் கடைசியில் வைத்தோம், ஏனென்றால் அவருக்கு அதன்மேல்தான் பயம் அதிகம். முதல் நாள் கால் டம்ளர். குடித்துப் பத்து நிமிடத்தில் போன். வயிறு முறுக்குகிறது, சொன்னேனே மேடம், பால்தான். பத்து நிமிடத்தில் லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போயிருக்காது என்று விளக்கலாம். வலியில் இருப்பவரிடம் அந்த விளக்கத்தைச் சொன்னால், ‘எல்லாம் உன் கற்பனை’ என்றுதான் காதில் விழும். வலி கற்பனை இல்லை. எதிர்பார்ப்பும் பதற்றமும் குடல் அசைவையும் வலி உணர்வையும் நிஜமாகவே கூட்டும், மூளையும் குடலும் அவ்வளவு பின்னிக் கிடக்கின்றன. கேள்வி, இந்த வலிக்கு லாக்டோஸ் காரணமா என்பது மட்டும்தான்.

வீட்டிலேயே மறைத்துச் சோதித்தோம். சாதாரணப் பால் ஒன்று, லாக்டோஸ் நீக்கிய பால் ஒன்று. லாக்டோஸ் நீக்கிய பால் கொஞ்சம் தித்திக்கும், கண்டுபிடித்துவிடுவார் என்பதால் இரண்டிலும் கோகோவும் சர்க்கரையும் ஒரே அளவில். தினமும் காலையில் கணவர் ஏதாவது ஒன்றை ஊற்றித் தருவார், எது என்பதைச் சீட்டில் எழுதி உறையில் போட்டு ஒட்டிவிடுவார். இவர் வலியையும் நேரத்தையும் எழுதுவார். கடைசியில் உறைகளைப் பிரித்து நாட்குறிப்போடு ஒப்பிட்டபோது, வலித்த நாட்கள் இரண்டு பாலிலும் கலந்து கிடந்தன. மிக மோசம் என்று அவர் வட்டமிட்ட நாளில் குடித்தது லாக்டோஸ் இல்லாத பால். சிறிது நேரம் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘அப்ப அந்த ஐஸ்கிரீம்?’ என்று கேட்டார். கல்யாணச் சாப்பாட்டில் ஐஸ்கிரீமுக்கு முன்னால் என்னென்ன இருந்தன என்று திருப்பிக் கேட்டேன். சிரித்துவிட்டார்.

இது இவருக்கு மட்டும் நடப்பதில்லை. 2018இல் நார்வேயில் கோதுமை ஒத்துக்கொள்ளாது என்று தாங்களே விலக்கியிருந்த, சீலியாக் இல்லாத 59 பேருக்கு குளூட்டன் சேர்த்த மியூஸ்லி பார், ஃபிரக்டான் சேர்த்த பார், இரண்டும் இல்லாத வெறும் பார் என்று மூன்றையும் மாற்றி மாற்றி ஒவ்வொரு வாரம் கொடுத்தார்கள். எதில் அதிகத் தொல்லை என்று பார்த்தால் 24 பேருக்கு ஃபிரக்டான், 13 பேருக்கு குளூட்டன், 22 பேருக்கு வெறும் பார். மறைக்காமல் செய்த சோதனையை நம்பி ஓர் உணவை வாழ்நாள் முழுக்க விடுவதற்கு முன் இந்த 22 பேரை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். வீட்டில் செய்யும் இந்த மறைவுச் சோதனை ஆராய்ச்சித் தரத்தில் வராது என்பது உண்மைதான், ஆனால் ஒரு டம்ளர் பால் குடிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய இது போதும். லாக்டோஸ் செரிக்காதவர்களிலேயே பலர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை, அதாவது ஏறக்குறைய ஒரு டம்ளர் பால் அளவு, தாங்குவார்கள்.

இப்போதைய நிலை

முட்டை, பால், உருளைக்கிழங்கு, சோறு, ஆரஞ்சு, காளான், தேன் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல். பிரெட் ஒரு வேளைக்கு இரண்டு துண்டு. கொண்டைக்கடலை கால் கோப்பை. இந்த இரண்டும் ஒரே வேளையில் சேரக் கூடாது. தனித்தனியே தாங்கும் அளவுகள் ஒரே தட்டில் கூடினால் தாங்கும் எல்லையைக் கடந்துவிடும், நடுவில் மூன்று நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். வெளியில் சாப்பிடும்போது மற்றதையெல்லாம் விட்டுவிட்டு வெங்காயம் எதில் இருக்கிறது என்று மட்டும் விசாரிக்கிறார். சாஸ், சூப், மசாலாப் பொடிகளில் அது பெயர் தெரியாமல் ஒளிந்திருக்கும். நார்ச்சத்து மிக்கது என்று விற்கும் பிஸ்கட்டுகளில் இன்யூலின், சிக்கரி வேர் என்ற பெயர்களைப் பார்த்தால் வைத்துவிடுகிறார், அவையும் ஃபிரக்டான்தான்.

வேலை நெருக்கடியும் தூக்கமின்மையும் சேர்ந்த வாரங்களில் இரண்டு துண்டு பிரெட்டுக்கே வயிறு உப்புகிறது. அந்த வாரங்களில் ஒரு துண்டாகக் குறைத்துக்கொள்கிறார், அடங்கியதும் பழைய அளவுக்கு வருகிறார். கோதுமையை மறுபடி பட்டியலில் ஏற்றவில்லை. எடை பழைய இடத்துக்கு வந்துவிட்டது. கொண்டைக்கடலைக்கு முன், அதன் சர்க்கரையை உடைக்கும் நொதியான ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் மாத்திரை போட்டால் அரைக் கோப்பை தாங்குமா என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார். தாங்கும் அளவு காலப்போக்கில் மாறக்கூடியது என்பதால் அடுத்த முறை பூண்டையும் வெங்காயத்தையும் திரும்பச் சோதிப்பதாகத் திட்டம், பூண்டில் அரைப் பல்லிலிருந்து, வெங்காயத்தில் ஒரு தேக்கரண்டியிலிருந்து.